பெண் பார்க்கப் போய் எடுத்து வந்த பவர் சப்ளை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு நாங்கள் பெண் பார்க்கப் போனோம். அப்பா, அம்மா, நான், தரகர். பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வழக்கமாக இந்த இடத்தில் பெண்ணைப் பற்றி ஏதாவது விசாரிப்பார்கள். அந்த வீட்டில் என்னை விசாரித்தார்கள்.

"தம்பி கம்ப்யூட்டர் படிச்சிருக்கீங்களாம்ல?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"சரி" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. டீப்பாயில் வைத்துப் பிரித்தார். தடித்த கீபோர்டு மாதிரி ஒன்று. வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப் போயிருந்தது. அதுதான் கம்ப்யூட்டரே. திரை கிடையாது, டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூடவே செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் வயரோடு. அது பவர் சப்ளை.

அவர் இளவயதில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து வருகிறவர்கள் டேப்ரெக்கார்டரும் நகையும் கொண்டுவந்த காலத்தில் இவர் இதைக் கொண்டுவந்திருக்கிறார். அங்கே கொஞ்ச நாள் ஓடியதாம். ஊருக்கு வந்த பிறகு ஓடவில்லை, சுற்றி வைத்துவிட்டார். ஊரில் யாரும் அது ஓடியதைப் பார்த்ததில்லை. அதனால் சிங்கப்பூரில் அவரை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவர் அந்த முடிவை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"இதுக்கு முன்னாடி ஒரு மாப்பிள்ளை வந்தாரு. கம்ப்யூட்டர் இன்ஜினியர். இதப் பாத்துட்டு, சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும்னாரு. அனுப்பிட்டேன். நீங்க படிச்சவருதான்னா இத ஓட்டிக் காட்டுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் அப்பா திறந்துவிட்டார். "அதுக்கென்னண்ணே. இப்பவே பாத்துருவான்."

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. தாத்தாவும் போனதில்லை. எங்கள் வகையறாவில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்தவனுக்குக் கரண்டில் ஓடுகிற எல்லாம் தெரியும் என்பது அப்பாவின் முடிவு. அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த மாதத்திலிருந்து மிக்ஸி, கிரைண்டர், டார்ச் லைட் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. நிலத்துக்குச் சிட்டா அடங்கலை நெட்டில் எடுத்துத் தரச் சொல்லியும் வந்தார்கள். அது ஒன்றுதான் என் படிப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. முதலில் வந்தவர்களிடம், "எனக்கு இது தெரியாதுங்க" என்று உண்மையைச் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சால்டரிங் அயன் வாங்கி, மிக்ஸிகளைக் கழற்றிப் பார்த்துப் பழகினேன். அப்பா சொன்னதை நிஜமாக்குவது, அவரைத் திருத்துவதைவிடச் சுலபமாக இருந்தது.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அப்பா கறுப்புப் பெட்டியைச் சுவர் பிளக்கில் மாட்டி, சுவிட்சையும் போட்டு, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் துளைக்குக் கொண்டுபோனார்.

"சொருகாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் கத்தக்கூடாது. எனக்குத் தெரியும். தரகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் விளக்கினேன். இந்த மாதிரிப் பழைய பெட்டி செத்துக் கிடந்தால் பயமில்லை. ஆனால் வயதானால் இது சாகாது. கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகக் கொடுக்கும். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஐந்து வோல்ட். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கிற சிப்பெல்லாம் கருகிவிடும். மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் சொருக வேண்டும்.

"அப்ப அளங்க."

"மீட்டர் கொண்டு வரலைங்க."

"கம்ப்யூட்டர் படிச்சவருட்ட மீட்டர் இல்லியா?"

பெண் பார்க்கப் போகும்போது யாரும் மீட்டர் கொண்டுபோவதில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அடுப்படி வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "அவங்க சொல்றது சரிதாம்ப்பா. அளக்காம சொருகி, போயிடுச்சுன்னா அப்பறம் யாராலயும் ஓட்டிக் காட்ட முடியாது."

பெண் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் லேப் வேலை பார்க்கிறவள். மாட்டின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஏற்றி அளப்பவளுக்கு அளவின் மீது மரியாதை இருந்தது. அவள் அம்மா, "நீ உள்ள வாடி" என்றாள். அவள் போனாள், ஆனால் மெதுவாகப் போனாள்.

பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, கம்ப்யூட்டரைத் திரும்ப வேட்டியில் சுற்றினார். "இது இங்கயே இருக்கட்டும். அந்தப் பொட்டிய மட்டும் எடுத்துட்டுப் போயி சரி பண்ணிட்டு வாங்க."

பேருந்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கனம். தரகர் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து நிலவரத்தைச் சொன்னார். "ஓடுனா மேக்கொண்டு பேசலாம்னுட்டாரு. ஓடலன்னா துபாய் மாப்பிள்ளை ஒண்ணு நிக்குது."

"பொண்ணு நல்லாப் பேசுதுல்ல?" என்றாள் அம்மா.

"ஓடும்" என்றார் அப்பா. அவர் பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் வந்து, அளந்து பார்க்கச் சொன்னாளே, அதில் பிடித்துப்போயிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சுக்கு வாக்கியம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது காட்டியது. அன்றைக்குச் சொருகியிருந்தால் கம்ப்யூட்டரும் கல்யாணமும் ஒரே நொடியில் முடிந்திருக்கும். சரி, உள்ளே கெட்டுப்போன பாகத்தை மாற்றிவிடலாம் என்று திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே பாகம் எதுவும் தெரியவில்லை. பெட்டி முழுக்கக் கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். பெட்டியும் அதற்குள் இருந்ததும் ஒரே கல்.

அப்பா உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் கொல்லையில் உட்கார்ந்து மாலை வரை பெயர்த்தோம்.

"உள்ள ஒண்ணுமே இல்லடா. தார ஊத்தி வித்துட்டான் சிங்கப்பூர்க்காரன்" என்றார் அப்பா.

"அந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்களாம்."

"அப்படியா?" என்றவர், உடனே உளியைக் கீழே வைத்தார். "அப்ப நாம சொல்லக்கூடாது."

கடைசியில் வயரும் அதன் முனையில் இருந்த வட்டமான பிளக்கும்தான் தேறின. அந்தப் பிளக் இப்போது எங்கேயும் கிடைக்காது. மற்றதைப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான். கல்லூரியில் ஒரே ஒரு பாடத்தில் இந்தப் படம் வரும்: டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கண்டென்சர், ஒரு ரெகுலேட்டர். நான் அதை ஸ்கேல் வைத்து அழகாக வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வரைந்ததைச் செய்து பார்க்க ஒரு நாள் வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் ஆம்ப்ளிஃபையருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிற கடை ஒன்று உண்டு. அங்கே போய் அளவைச் சொன்னேன்.

"எந்த செட்டுக்கு?" என்றார் கடைக்காரர்.

"கம்ப்யூட்டருக்குண்ணே."

"கம்ப்யூட்டருக்கு ரெடிமேடாவே கெடைக்குமே தம்பி."

"இது பழைய கம்ப்யூட்டரு."

"அப்ப புதுசு வாங்கிக்க வேண்டியதுதான?"

"பொண்ணு வீட்டுக் கம்ப்யூட்டருண்ணே."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னதைவிடத் தடித்த கம்பியாக எடுத்துச் சுற்றினார். "சூடே ஏறாது. நல்லபடியா நடக்கட்டும்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

சுவிட்ச் போர்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் எல்லாவற்றையும் அடக்கினேன். காற்றுப் போக மேலே துளை போட்டேன். கம்ப்யூட்டர்தான் அங்கே பிணையாக இருக்கிறதே, அதனால் அதற்குப் பதிலாக ஒரு டூவீலர் பல்பை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க எரிய விட்டேன். அப்பா வயலுக்குப் போகாமல் பல்புக்குக் காவல் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, பட்டப்பகல்ல பல்பு எரியுது?" என்று தெருவில் போனவர் கேட்டார்.

"எம் புள்ளைக்குக் கல்யாணம்" என்றார் அப்பா.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது ஒரு போன் வந்தது. பெண் குரல். "நான் நீடாமங்கலம் பேசுறேன்" என்றது. அவள்தான். தரகரிடம் எண் வாங்கியிருக்கிறாள்.

"அஞ்சு வந்துச்சா?" என்றாள்.

"வந்துருச்சுங்க."

"சரியா அஞ்சா?"

"நாலு புள்ளி ஒன்பது எட்டு."

"அது போதுமா?"

"போதுங்க."

அவளுக்குப் பின்னால் மாடு ஒன்று கத்துவது கேட்டது.

"துபாய்னா நான் வேலைய விடணும்" என்றாள். "பரீட்சை எழுதி, ரெண்டாவது தடவதான் கெடச்சுது இந்த வேல. அதனாலதான் கேக்குறேன். ஓடுமா?"

"ஓடும்."

"உங்கப்பா மாதிரியே சொல்றீங்க."

"பெட்டி சரியா இருக்கு. அத நான் அளந்துட்டேன். கம்ப்யூட்டர் உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"ம். இப்படிச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். எனக்கு வந்த முதல் காதல் பேச்சு அதுதான் என்று நான் பிற்பாடு கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை போனபோது குறுவை நெல்லுக்கு நாற்று விட்டிருந்தார்கள். மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. தரகருக்கு வேறு இடத்தில் வேலை, அதனால் நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். இந்த முறை நான் மீட்டர் எடுத்துப் போயிருந்தேன்.

கம்ப்யூட்டர் டீப்பாயில் தயாராக இருந்தது. அதற்கு ஒரு பூ வைத்திருந்தார்கள். டிவியோடு வயரை இணைத்தேன். என் பெட்டியைச் சுவரில் மாட்டி, வட்டப் பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன்.

டிவியில் கோடு கோடாக ஓடியது. பிறகு சதுரம் சதுரமாக ஏதோ வந்தது. பிறகு மறுபடியும் கோடு.

பெண்ணின் அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பெட்டியிலிருந்து வெளியே வருவதை அளந்தேன். ஐந்து இல்லை. மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் ஆடியது. எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க நின்ற ஐந்து அது. எனக்கு வியர்த்தது. நிமிர்ந்து பார்த்தேன், தலைக்கு மேல் மின்விசிறியின் இறக்கைகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டும். நூற்று நாற்பது சொச்சம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கொல்லைப் பக்கத்திலிருந்து, ஒரே சீராக, ஒரு மோட்டார்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அது இருக்கும்போது பம்புசெட் ஓடும். மற்ற நேரத்தில் வீட்டுக்கு விளக்கெரிய மட்டும் டூ பேஸ் இருக்கும். அந்த டூ பேஸில் ஒரு பெரிய கண்டென்சரை வைத்து மோட்டாரை ஓட்டிவிடலாம். ஓட்டக்கூடாது, ஆனால் ஓடும். ஓடினால் அந்த லைனில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் கரண்ட் இளைத்துவிடும். இதை எல்லா ஊரிலும் எல்லோரும் செய்தார்கள். செய்வதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். லைன்மேன் வந்து, ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று கேட்டாலும், அந்த மோட்டார் ஓடவில்லை என்றுதான் பதில் வரும்.

"ஏங்க, கொல்லையில மோட்டார் ஓடுதுங்களா?" என்றேன்.

"எந்த மோட்டாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

"சத்தம் கேக்குதுங்களே."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நன்றாகவே கேட்டார். "இந்த நேரத்துல த்ரீ பேஸ் ஏது தம்பி? அது ரைஸ் மில்லு."

"ஆமா, மில்லுதான்" என்றாள் முறுக்குத் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா.

என் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். உழுத நிலத்தில் பிறந்த மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அஞ்சு எச்.பி. இருக்கும்போல. நல்லாத் தண்ணி ஊத்துது மில்லு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் சங்கடமான இடத்தில் நின்றேன். மோட்டார் ஓடுகிறது என்று சாதித்தால், பெண்ணைப் பெற்றவரை என் அப்பா அம்மா முன்னால் பொய்யர் ஆக்கியதாகிவிடும். சாதிக்காவிட்டால், அப்டேட் பண்ணச் சொன்ன மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நானும் போய் நிற்க வேண்டும்.

"வீட்டுக்கு வர்ற கரண்ட் கம்மியா இருக்குங்க. அது சரியானா ஓடும்" என்று மட்டும் சொன்னேன்.

"அந்தத் தம்பி அப்டேட்னாரு. நீங்க கரண்டுங்குறீங்க."

மீட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதை மரியாதையாகக் குனிந்து பார்த்தார். "மீட்டரு உங்களோடதுதான?" என்றார்.

அடுப்படி வாசலில் பெண் நின்றிருந்தாள். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் மீட்டரைப் பார்த்தேன், அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல். அவள் திரும்பிக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டி வரும்.

கொஞ்ச நேரத்தில் ரைஸ் மில் நின்றது.

மின்விசிறி வேகம் எடுத்தது. சுவரில் காலண்டர் படபடத்தது. மீட்டரில் எண் ஏறி, ஏறி, இருநூற்று இருபதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, சுவிட்சை மறுபடி தட்டினேன்.

நீலத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. அதன் கீழே சின்னக் கட்டம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். ஒரு எழுத்து தப்பாகி, அழித்துவிட்டு மறுபடி அடித்தார். கடைசியில் பெரிய பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக இறங்கின.

"எண்ணும்னு சொன்னேன்ல?" என்றார் மனைவியிடம்.

"எண்ணுது" என்றாள் அந்த அம்மா. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரு மோட்டார நிறுத்துனது?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் அம்மா முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நான்தாம்ப்பா" என்றாள் பெண். சேற்றுக் காலோடு கொல்லை வாசற்படியில் நின்றாள்.

"நாத்தங்கால்ல பாதிக்குத்தான் பாஞ்சிருக்கு."

"தெரியும்."

"காஞ்சிடும்டி."

"இது ஓடுதான்னு பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? பாத்தாச்சுல்ல?"

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவற்றை எப்படி நிறுத்துவது என்று அவர் மறந்துவிட்டார் போலும். என் அப்பாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "நாத்தங்கால பாதியில விடக்கூடாதுண்ணே" என்று எழுந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூலையில் சூடேறாமல் கிடந்த என் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, போயி போட்டுட்டு வருவோம்."

அவ்வளவுதான். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கொல்லை வழியாகப் போனார்கள். போகும்போதே கண்டென்சர் எங்கே வாங்கியது என்று அப்பா விசாரிப்பது கேட்டது. என் அம்மா முறுக்கைக் கடித்தாள். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அடுப்படிக்கு வாங்க" என்று அவளை அழைத்துப் போனாள்.

சற்று நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. விசிறி தளர்ந்தது. திரையில் எண்கள் நெளிந்து கோடுகளாயின. நான் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"போச்சா?" என்றாள் அவள். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"இல்லங்க. பிடுங்கிட்டேன். தண்ணி பாஞ்சு முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சேறு தரையில் படாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மீட்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல ஒரு ஸ்டெபிலைசர் வச்சா மோட்டாரும் ஓடும், இதுவும் ஓடும்ல?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ஓடும்" என்றேன்.

"அப்ப அத ஏன் அப்பவே சொல்லல?"

"தோணலைங்க."

அவள் மீட்டரை டீப்பாயில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு" என்றாள். "தஞ்சாவூர் வர்றேன். சேந்து போயி வாங்கிட்டு வந்துரலாம்."